தண்ணீரை மஞ்சளாக்கும் 189 வெள்ளிக் கருவி: காய்கறியில் இருக்கும் மருந்து போகிறதா?

அவசரத்தில் இருப்பவர்கள் இந்த முதல் பத்தியோடு கிளம்பிவிடலாம். காய்கறி, பழத்தில் இருக்கும் பூச்சி மருந்தை எடுத்துவிடும் என்று சொல்லி ஒன்லைனில் விற்கிறார்களே, உள்ளங்கை அளவு வெள்ளை உருளை, தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டால் பொடிக்குமிழியாக விட்டுக்கொண்டே இருக்கும், அந்தக் கருவிக்கு நான் போடுகிற மதிப்பெண் 5க்கு 1. விலை 189 மலேசிய வெள்ளி (ரிங்கிட்), சலுகை நாளில் இன்னும் குறையும். பிராண்ட் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் அதே உருளை, அதே பெட்டி, அதே படம், பெயர் மட்டும் மாறி மாறிப் பல கடைகளில் கிடக்கிறது, ஒன்றைத் திட்டினால் பக்கத்தில் இருப்பது நல்லது போலத் தெரியும்.

இது நான் வாங்கியது இல்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் நாத்தனார் வாங்கினார், வாங்கிய வேகத்தில் பினாங்குத் தீவில் இருக்கும் எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டுக்கும் கொண்டுவந்து காட்டினார், "நீங்கதான் எதையும் லேசில் நம்ப மாட்டீங்களே அண்ணி, கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க" என்று விட்டுவிட்டுப் போனார். வைத்துப் பார்த்தேன். இதை அவர் படித்தால் இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு அதிரசம் வராது, பரவாயில்லை.

பெட்டியில் உருளை, சார்ஜ் செய்ய யூஎஸ்பி வயர், சீன மொழியில் ஒரு தாள், மலாயிலும் ஆங்கிலத்திலும் இன்னொரு தாள். உருளையின் அடியில் சல்லடை மாதிரி உலோகத் தகடு. காய்கறியைத் தண்ணீரில் மூழ்கவைத்து உருளையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். தண்ணீர் மெல்ல மஞ்சளாகும், மேலே நுரை படியும், நீச்சல் குளத்துப் பக்கம் போனால் வருமே அந்த வாடை லேசாக அடிக்கும். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் வீடியோக்கள் எல்லாம் இந்த மஞ்சள் தண்ணீரைத்தான் காட்டுகின்றன. தண்ணீர் எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு விஷம் வெளியே வந்திருக்கிறதாம். நாத்தனாரும் அதைப் பார்த்துத்தான் விழுந்தார், "இத்தனை நாளா இதையா பிள்ளைங்களுக்குக் கொடுத்தோம்" என்று அவர் கண் கலங்கிவிட்டது. விற்பவர்களுக்கு இதுதானே வேண்டும்.

சரி, அந்த மஞ்சள் என்ன என்று பார்க்க ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. என் மாமியார் நட்டது, அதற்கு இன்றுவரை யாரும் ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை, மாட்டுச் சாணம்கூடக் கிடைத்ததில்லை, மழைத் தண்ணீரில் வளர்ந்தது. அந்தக் கீரையை உருவிப் போட்டு உருளையை ஓட்டினேன். தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாகி, மார்க்கெட்டில் வாங்கிய சாவி கீரைக்கு (சீனக் கடுகுக் கீரை) வந்ததைவிட அதிகமாக நுரைத்தது. அதாவது விளம்பரத்துக் கணக்குப்படி என் மாமியாரின் மரம்தான் பினாங்கிலேயே கொடிய விஷம்! உண்மையில் நடப்பது என்னவென்றால் இலையின் சாறும் நிறமும் கசிகின்றன, குமிழி அடிக்க அடிக்க இலை கொஞ்சம் நைந்து இன்னும் கசிகிறது, அதோடு முருங்கை போன்ற கீரைகளில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் உண்டு. மெழுகு தடவின ஆப்பிளைப் போட்டுப் பாருங்கள், தண்ணீர் கிட்டத்தட்ட தெளிவாகவே இருக்கும். நிறத்தை வைத்துச் சொல்வதானால் ஆப்பிளில் மருந்தே இல்லை என்றாகிவிடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமான கணக்கு இல்லை. காய்கறியில் மருந்து எச்சத்தை ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்றுதான் அளக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், பல மருந்துகளுக்கு அதுவே வரம்பைத் தாண்டிய அளவு. அரைக் கிலோ கீரை போட்டால் அதில் இருப்பது அரை மில்லிகிராம். அது முழுசும் வெளியே வந்து மூன்று லிட்டர் தண்ணீரில் கரைந்தாலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூட வராது. அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. ஆக, மருந்து உண்மையிலேயே வெளியே வந்திருந்தாலும் தண்ணீர் நிறம் மாறியிருக்காது. நிறம் மாறியிருக்கிறது என்றால் அது வேறு ஏதோ.

அடுத்தது அந்தத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் 'ஹைட்ராக்சில்' சமாச்சாரம், கருவி அதை உண்டாக்கி மருந்தை உடைக்கிறதாம். கருவி செய்வது தண்ணீருக்குள் மின்சாரம் விடுவது, அவ்வளவுதான். பள்ளியில் படித்த மின்பகுப்பு: ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் ஆக்சிஜன், குமிழி எல்லாம் அதுதான். ஹைட்ராக்சில் ராடிக்கல் என்று ஒன்று நிஜமாகவே உண்டு, அது கண்டதையும் தாக்கி உடைக்கும் என்பதும் நிஜம், ஆனால் தண்ணீரில் அது ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது. தகட்டின் மேல் பிறந்து, பாத்திரத்தின் அந்தக் கோடியில் மிதக்கிற கீரை வரை நீந்திப் போய்ச் சேர அதற்கு ஆயுள் கிடையாது. பாத்திரம் முழுக்கப் பரவுவது வேறொன்று. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரைடு கொஞ்சம் எப்போதும் இருக்கும், அது தகட்டில் பட்டுக் குளோரினாக மாறி, தண்ணீரோடு சேர்ந்து ஒரு லேசான பிளீச்சாகிறது. நீச்சல் குள வாடை அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், குமிழியும் வாடையும் இரண்டும் கூடும். தாளிலேயே "பலன் அதிகரிக்க உப்பு சேர்க்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது, அதன் ரகசியம் இதுதான்.

அந்த லேசான பிளீச் கிருமியைக் கொல்லும், அதை மறுக்கவில்லை. பச்சையாகச் சாப்பிடும் சாலட் கீரைக்கு அது ஒரு லாபம், நான் போட்ட ஒரு மதிப்பெண் அதற்குத்தான். மருந்து விஷயத்தில்தான் சிக்கல். குளோரின் சில மருந்துகளை உடைக்கும், சிலவற்றை ஒன்றும் செய்யாது. உடைப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, இதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை: குளோர்பைரிஃபாஸ் மாதிரியான பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் குளோரின் பட்டதும் முதலில் 'ஆக்சான்' என்கிற வடிவத்துக்கு மாறும். நம் நரம்புகளுக்கு இடையே செய்தி போய் முடிந்ததும் அதை அணைத்துவிட ஒரு நொதி இருக்கிறது, இந்த வகை மருந்துகள் உடம்பில் கை வைப்பது அந்த நொதியில்தான், எச்சில் வழிவது, கண்ணீர், வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது எல்லாம் அதனால் வருவது. ஆக்சான் வடிவம் அந்த நொதியைத் தாக்குவதில் மூல மருந்தைவிடக் கடுமையானது. கீரை கழுவுகிற அளவில் இதனால் யாரும் விழுந்துவிடப் போவதில்லை, அந்த ஆக்சானும் பிறகு தண்ணீரில் மெல்லச் சிதைந்துபோகும், பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் "உடைத்துவிட்டோம்" என்று சொன்னால் "உடைந்தது எதுவாக மாறியது" என்று கேட்க வேண்டும் அல்லவா? விற்பனையாளரிடம் சேட்டில் கேட்டேன். இதயப் படமும், பத்து விழுக்காடு தள்ளுபடிக் கூப்பனும் வந்தன.

பெட்டிக்குள் இருந்த சான்றிதழையும் விடவில்லை, தொழிற்சாலையில் சீன மொழி படித்த பக்கத்து வீட்டுத் தம்பியிடம் காட்டி விளக்கம் கேட்டேன். விளம்பரத்தில் போடும் அந்த 99 விழுக்காடு என்ற எண் இதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கிருமிக்கு. இன்னொன்று மருந்துக்குத்தான், ஆனால் காய்கறியே இல்லாமல், வெறும் தண்ணீரில் மருந்தைக் கரைத்துச் செய்த சோதனை. தோட்டத்தில் வெயிலில் காய்ந்து இலையின் மெழுகுப் பூச்சில் ஒட்டிக்கிடக்கும் மருந்துக்கும், தண்ணீரில் ஏற்கெனவே கரைந்து நிற்கும் மருந்துக்கும் எவ்வளவு வித்தியாசம்! கழுவுவது என்றாலே இலையிலிருந்து பிரித்தெடுப்பதுதானே, அந்த வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எதனால்தான் போகும்? இதற்கு உருப்படியான ஆய்வுகள் உண்டு, எல்லாமே சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான பதிலைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவின் கனெடிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையம் முன்பே சோதித்துப் பார்த்தது: ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்து அரை நிமிடம் அலசினாலே மேலே ஒட்டியிருக்கும் பல மருந்துகள் கணிசமாகக் குறைகின்றன, காய்கறி கழுவவென்றே விற்கும் திரவங்கள் அதைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. தண்ணீரில் மருந்து கரைவதைவிட, தண்ணீர் ஓடும் வேகமும் கை தேய்ப்பதும்தான் அதைப் பெயர்த்து எடுக்கிறதாம். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் பழத்தை ஊறவைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், சவர்க்காரம் தோலின் துளைகளுக்குள் போய்த் தங்கும், அதைச் சாப்பிடச் சொல்லி யாரும் பரிந்துரைக்கவில்லை, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வேண்டாம் என்றே சொல்கிறது.

சமையல் சோடா விஷயம் மட்டும் கொஞ்சம் சுவையானது. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆப்பிள் மேல் இரண்டு மருந்துகளைத் தடவி, ஒரு நாள் விட்டு, வெறும் தண்ணீர், பிளீச் கலந்த தண்ணீர், சோடா தண்ணீர் என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். லிட்டருக்கு 10 கிராம் அளவில் கரைத்த சோடா தண்ணீர்தான் ஜெயித்தது, 12 முதல் 15 நிமிடத்தில் தோலின் மேலே இருந்த மருந்து போய்விட்டது. கவனியுங்கள், அங்கே பிளீச்சும் போட்டியில் இருந்தது, தோற்றது. நம் 189 வெள்ளி உருளை தயாரிப்பது அதன் தங்கச்சியைத்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவலும் வந்தது, அதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தையாபெண்டசோல் என்ற பூஞ்சை மருந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே நாளில் தோலைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. உள்ளே போனதை சோடாவாலும் எடுக்க முடியவில்லை, தோலைச் சீவி எறிந்தால்தான் உண்டு.

எனக்கு இந்த உருளையின் மேல் உள்ள உண்மையான கோபமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்போது அடிக்கும் மருந்துகளில் கணிசமானவை, இமிடாகுளோபிரிட் போன்றவை, செடிக்குள் போய் சாறோடு ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. பூச்சி எந்த மூலையில் கடித்தாலும் சாக வேண்டும், மழை பெய்தாலும் போய்விடக் கூடாது என்பதுதான் அந்த மருந்தின் விற்பனைப் பெருமை. மழையில் போகாதது, அடுப்படி பேசினில் பத்து நிமிடக் குமிழியில் போகுமா? அது குறைய ஒரே வழி நாள் கடப்பதுதான். மருந்து அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே இத்தனை நாள் விட வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துப் புட்டியின் லேபிளிலும் போட்டிருக்கும், அந்த நாட்களில் வெயிலும் செடியும் சேர்ந்து மருந்தைச் சிதைக்கும். அந்த நாள் காத்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, காக்காவிட்டால் என் சமையல்கட்டில் நான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் பாதிதான்.

காக்க முடியாத காய்களும் இருக்கின்றன. ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் அக்காவின் மச்சான் கேமரன் மலையில் குவாலா தெர்லா பக்கம் தோட்டம் போட்டவர். அக்கா சொன்னது: "முட்டைக்கோஸ் ஒரே வெட்டு, வெட்டுறதுக்கு முன்னாடி மருந்தை நிறுத்திடலாம். பயத்தங்காய் அப்படியா? ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும், பறிக்கலேன்னா முத்திப் போயிடும், மருந்து நிறுத்தினா பூச்சி தின்னுடும், எந்த ஏழு நாளைக் காக்கிறது?" நானும் யோசித்ததே இல்லை. வெண்டைக்காய், கத்தரி, மிளகாய், வெள்ளரி எல்லாமே இந்த ரகம்தான், ஒரே செடியில் இன்று பறிக்கும் காயும் நாளைக்கான பிஞ்சும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், பிஞ்சைக் காப்பாற்ற அடிக்கும் மருந்து காயின் மேலும் விழும். பயத்தங்காய் ஓட்டை விழாமல் பளபளவென்று இருந்தால்தான் நாம் எடுக்கிறோம் என்பதையும் அக்கா சிரித்துக்கொண்டே சேர்த்தார், என் கையில் அப்போது அப்படி ஒரு கட்டுதான் இருந்தது.

மருந்து தவிர வேறு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கேமரன் மலை முட்டைக்கோஸுக்கு எமன் என்றால் வைரமுதுகு அந்துப்பூச்சி, அடித்த மருந்துக்கெல்லாம் பழகிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உலகப் புகழ். 1970களில் அதன் புழுவுக்குள் முட்டையிட்டுக் கொல்லும் ஒரு சின்னக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அந்த மலையில் விட்டார்கள், அது அந்தக் குளிரில் நன்றாகவே நிலைத்துக்கொண்டது. கண்மூடித்தனமாக மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான், மருந்துக்குப் பழகிய புழு பிழைத்துக்கொள்ளும், அப்புறம் இன்னும் மருந்து.

விளம்பரத் தாளில் ஒரு படம் இருக்கிறது: முதுகில் தொட்டியோடு மருந்து அடிக்கும் ஒருவர், பக்கத்தில் ஆப்பிள் கடிக்கும் குழந்தை. குழந்தைக்கு ஆபத்து, ஆகவே கருவி வாங்குங்கள். தொட்டி சுமக்கிறவருக்கு என்ன ஆகிறது என்று அந்தத் தாள் கவலைப்படவில்லை. நம் ஆட்களுக்கு அது யார் என்று தெரியும். என் பெரியம்மா சுங்கைப் பட்டாணிப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பல வருஷம் களைக்கொல்லி அடித்தவர், நகம் கறுத்துப் பிய்ந்து விழுந்தது, மூக்கில் ரத்தம் வருவது அவருக்குச் சளி பிடிப்பது மாதிரி சாதாரணம், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார், கையுறை போட்டால் வியர்வையில் கை வெந்துபோகும் என்று கழற்றிவிடுவார்களாம். பேராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டால் நகம் கெடுவதும் மூக்கில் ரத்தம் வருவதும் தெரிந்த அடையாளங்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்வதை நான் பின்னால்தான் படித்தேன். தோட்டங்களில் இந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதில் நம் பெண்கள் ஏராளம். பெண்கள், தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகனிதா அமைப்பும் பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசிய பசிபிக்கும் 2002இல் அந்தப் பெண்களின் நிலையை ஆய்வு செய்து வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பேராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது, 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. நடுவில் போன வருஷங்களில் எத்தனை பெரியம்மாக்கள்! பூச்சிக்கொல்லிக்கு எதிரான உலகளாவிய கூட்டமைப்பான பான் பிறந்ததே 1982இல் நம் பினாங்கில்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

உலக அளவில் பார்த்தால், 2020இல் வந்த ஒரு ஆய்வு, வேண்டுமென்றே குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமலே, ஆண்டுக்குச் சுமார் 38 கோடியே 50 லட்சம் பூச்சிக்கொல்லி விஷப் பாதிப்புகள் என்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிள் சாப்பிட்டவர்கள் இல்லை, தோட்டத்திலும் வயலிலும் நின்றவர்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அளவு குறைவு, ஆனால் தினம் தினம், அதுவும் பிள்ளைகளின் உடம்பு எடைக்கு அவர்கள் சாப்பிடும் பழமும் காயும் நம்மைவிட அதிகம். குளோர்பைரிஃபாஸ் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற கவலையால்தான் ஐரோப்பிய யூனியன் 2020இல் அதை நிறுத்தியது, இங்கே விவசாயத்தில் அதற்கான தடை 2023 மே 1இல் வந்தது. நம் நாட்டில் எந்த மருந்தை விற்கலாம் என்பது 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் முடிவாகிறது, காய்கறியில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதை 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. மாதிரி எடுத்துச் சோதிப்பது சுகாதார அமைச்சு. ஒவ்வொரு கட்டுக் கீரையையும் சோதிக்க யாராலும் முடியாது, அதற்காகப் பேசினில் கிடக்கும் உருளை அந்த இடத்தை நிரப்பிவிடாது.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். கீரை என்றால் ஒவ்வொரு தண்டாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் தேய்த்து அலசுவது, அடிக்கட்டையை வெட்டி எறிவது. முட்டைக்கோஸின் மேல் இரண்டு மூன்று இலை நேராகக் குப்பைக்கு, அது மனசு வராத வேலை, இருந்தாலும் செய்கிறேன். ஆப்பிள், திராட்சை, தக்காளிக்குச் சோடா தண்ணீர், பிறகு மறுபடி குழாய். பயத்தங்காயை ஒரு கொதி விட்டுத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறேன், கொஞ்சம் சத்தும் அதோடு போகும், தெரிந்தேதான். காலிஃபிளவரை உப்புத் தண்ணீரில் போடுவது புழு வெளியே வருவதற்காக, மருந்துக்காக இல்லை. மஞ்சள் தூள் போடுவது எதற்கென்று என் அம்மாவுக்கே தெரியவில்லை, ஆனால் நிறுத்தச் சொன்னால் கோபம் வரும். கறிவேப்பிலையைக் கடையில் வாங்குவதை அறவே விட்டாச்சு. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பாக்காரன் எல்லையில் நிறுத்தி மருந்து எச்சத்துக்காகத் தனியாகச் சோதித்திருக்கிறான், இங்கே ஒரு பூந்தொட்டியில் வைத்தால் காடாக வளர்கிற செடிக்கு எதற்கு வம்பு. தொட்டியில் காங்கோங் கீரையும் போட்டிருக்கிறோம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருஷக்கணக்காக வீட்டுத் தோட்டம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற இயற்கை உரங்கள் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, ஆர்வம் இருந்தால் அங்கே கேளுங்கள்.

வாங்கும்போது லேபிளும் பார்க்கலாம். மைஆர்கானிக் முத்திரை இருந்தால் செயற்கை மருந்து அடிக்காத விளைச்சல், விலை நெஞ்சைப் பிடிக்கும். மைகேப் முத்திரை என்றால் மருந்து அடிப்பார்கள், ஆனால் எந்த மருந்து, எத்தனை நாள் இடைவெளி என்று பதிவு வைத்திருக்க வேண்டும். 189 வெள்ளியை அந்த விலை வித்தியாசத்துக்குச் செலவழித்தால் எங்கள் வீட்டுக்கு நிறைய நாள் பயத்தங்காய்க் கவலை விடும்.

கருவியின் தரம் பற்றி நாலு வார்த்தை: சார்ஜ் நன்றாகவே நிற்கிறது. சத்தம் இல்லை. அடித்தகட்டில் வெள்ளையாக ஒரு படிவு ஏறுகிறது, வினிகரில் ஊறவைத்தால் போகும் என்று தாள் சொல்கிறது, பாதி போனது. மூடி ரப்பர் தளர்ந்து, சார்ஜ் போடும் ஓட்டைக்குள் ஈரம் இறங்க ஆரம்பித்துவிட்டது, தண்ணீரில் போடவென்றே செய்த பொருளுக்கு இது கொஞ்சம் அநியாயம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சாலட் கீரைக்கும் புதினா, மல்லிக்கும் கிருமி போக ஓட்டுங்கள், அதற்குப் பிறகு கட்டாயம் குழாயில் நன்றாக அலசுங்கள், அந்தப் பாத்திரத்துத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள், காரணம் கேட்கும் இடத்தில் "விளம்பரத்தில் சொன்னதைச் செய்யவில்லை" என்று எழுதுங்கள், மனம் மாறிவிட்டது என்பதைத் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் தபால் செலவு உங்கள் தலையில் விழலாம். விற்றவர் மலேசியாவில் இருப்பவர், பணம் தர மறுக்கிறார் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நாத்தனார் வாங்கிய கடையில் அந்த 99 விழுக்காடு வரி இந்த வாரம் காணாமல் போயிருக்கிறது.